மலையேறும் வண்டிக்கு வயர்தான் நரம்பு

(‘பழையதைப் பழுது பார்ப்பது விவேகமா, வீண் செலவா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கத்தில் ஆற்றிய உரை)



பழையதைப் பழுது பார்ப்பது விவேகமா, வீண் செலவா என்பது இன்றைய தலைப்பு. இந்தக் கேள்வியைக் கேமரன்மலைக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அங்கே மனிதர்கள்கூட வேண்டாம். ரிங்லெட்டிலும், தானா ராத்தாவிலும், பிரிஞ்சாங்கிலும், கம்போங் ராஜாவிலும் சாலையோரம் நிற்கிற லேண்ட்ரோவர்களே பதில் சொல்லும். கோஸ் மூட்டையும் தக்காளிக் கூடையும் ஏற்றிக்கொண்டு, பெயிண்ட் உதிர்ந்து, கதவு ஆடிக்கொண்டு, தாத்தா காலத்து வண்டிகள் இன்றும் மலையேறுகின்றன. நாட்டிலேயே லேண்ட்ரோவர் அதிகமுள்ள இடம் என்று மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர் அது.

அப்படியானால் பழுது பார்ப்பது விவேகம்தான், முடிந்தது வழக்கு என்று உட்கார்ந்துவிடலாமா? முடியாது. எதைப் பழுது பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் விவேகம் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கை, பிரேக்கைச் சரி பார்க்கிற கை, வயர் என்று வந்தவுடன் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்தத் துண்டு டேப்பைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மலைக்கு வண்டி வந்த கதை

1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மலைகளில் அலைந்தபோது பார்த்த மேட்டுநிலம், பிறகு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய மில்ன் என்ற துரை அவருக்குத் துணை. காட்டை வெட்டித் தோட்டமாக்க அன்று இருந்தவை ஒரே ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், பிறகு தொழிலாளர்களின் கைகள். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள் என்று இந்த அரங்கத்தில் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

அப்போது லேண்ட்ரோவர் என்ற வண்டியே பிறக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, இங்கிலாந்தில் இரும்புக்குப் பஞ்சம் வந்த நேரம். ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக் கொண்டிருந்தார். இதைப்போல நாமே ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். இரும்புத் தகடு கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டத்தை மட்டும் இரும்பில் வைத்தார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி வெளியே வந்தது. அதே 1948-ல்தான் மலாயாவில் அவசரகாலமும் ஆரம்பித்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் ராணுவம் காட்டுப் பாதைகளில் இந்த வண்டியை ஓட்டியது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் பின்னாளில் தோட்டங்களுக்கும் காய்கறி விவசாயிகளுக்கும் வந்து சேர்ந்தன.

அலுமினிய உடம்பு, இரும்புச் சட்டம் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயரைப் பற்றிய பேச்சில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பல்பு சரி, பாதை சரியில்லை

மலைப் பட்டறை எதிலும் கேட்கக்கூடிய உரையாடல் ஒன்று. ஒரு இளைஞர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். “அண்ணே, முன் விளக்கு மங்கலா எரியுது. ஒரு பல்பு மாத்திக் கொடுத்துடுங்க, அவசரமா தாப்பாவுக்கு இறங்கணும்.” பட்டறைக்காரர் பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “தம்பி, பல்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்டுதான் வழியில காணாமப் போகுது.”

எங்கே காணாமல் போகிறது? வீட்டு மின்சாரத்துக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. காரில் அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பே பாதை. இதைத்தான் பட்டறையில் ‘எர்த்’ என்கிறார்கள். இப்போது லேண்ட்ரோவரை நினைத்துப் பாருங்கள். விளக்கு உட்கார்ந்திருப்பது அலுமினியத்தில். அது இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மலை அது. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் நடுவில் வெள்ளைப் பொடி பூக்கும். தோட்டத்துக்கு ஏற்றிப் போகும் உரத்தின் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அந்தப் பொடி மின்சாரத்துக்குச் சுவர்.

சின்னக் கணக்கு ஒன்று. 60 வாட் விளக்கு இரண்டு எரிந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஓடுகிறது. துருப்பிடித்த எர்த்தில் ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 1 வோல்ட் அங்கேயே தங்கிவிடும். 12-ல் 1 தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்புக்கு 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது. அது மட்டுமா? தங்கிவிட்ட அந்த 1 வோல்ட் சும்மா இருக்காது. துருப்பிடித்த இடத்தில் 10 வாட் சூடாக மாறும். சூடு ஏற ஏறத் துரு கூடும், துரு கூடக் கூடச் சூடு ஏறும்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு பள்ளம், மாலை மயங்கினால் மூடுபனி. எதிரே லோரி வருகிறது. அந்த இடத்தில் கால் பங்கு வெளிச்சம் குறைவது என்றால் என்ன அர்த்தம் என்று மலைச்சாலையில் ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

பழைய வண்டியின் ஜாதகம்

பழைய லேண்ட்ரோவரில் கை வைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் ஜாதகம். 1948 முதல் 1958 வரை முதல் சீரிஸ், அதன்பின் இரண்டாம் சீரிஸ், 1971 முதல் 1985 வரை மூன்றாம் சீரிஸ். மின்சாமான்களைச் செய்தது லூகாஸ் கம்பெனி. ஆரம்ப கால வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்பில் பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர் எதிர்! 1960-களின் பிற்பகுதியில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். இது தெரியாமல், புது வண்டி பழக்கத்தில் ஆல்டர்னேட்டரையோ ரேடியோவையோ மாட்டினால், உள்ளே இருக்கிற டையோடுகள் கருகிவிடும்.

சரி, நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாமே என்றால், மாற்றலாம். ஆனால் பேட்டரியைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது. டைனமோவுக்குப் புதுத் திசையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதன் வயர்களைக் கழற்றிவிட்டு, ஃபீல்டு முனையில் பேட்டரியின் உயிர்க் கம்பியை ஒரு நொடி தொட்டு எடுப்பார்கள். அம்மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இக்னிஷன் காயிலின் சின்ன வயர்களையும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் வண்டி ஓடும். ஆனால் ஓடாத நாளுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

அந்தக் காலத்து டைனமோ கொடுப்பதே ஏறக்குறைய 20 ஆம்பியர்தான். முன் விளக்குக்கு 10 போய்விட்டது. வைப்பர், பின் விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் மிச்சத்தில் வாழ வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் வராது. இந்த நிலையில் கூரை மேல் நான்கு பனி விளக்கு, பாட்டுக்கு ஒரு பெரிய பெட்டி என்று மாட்டினால், ஒருவர் சம்பளத்தில் ஒன்பது பேர் சாப்பிடும் குடும்பக் கதைதான். மூன்றாம் சீரிஸில் ஆல்டர்னேட்டர் வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குச் சம்பள உயர்வு கிடைத்தது.

லூகாஸ் வயர்களுக்கு நிறமே மொழி. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்தாலும் அதில் உயிர் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, அதே உயிர் ஃப்யூஸைத் தாண்டி வருவது. நீலம் முன் விளக்கு, சிவப்பு பின் விளக்கு, கறுப்பு எர்த். இந்த ஆறு நிறத்தைத் தெரிந்தவர் பாதி எலக்ட்ரீஷியன். ஆனால் அறுபது வருடப் புழுதியும் எண்ணெயும் படிந்து எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிட்டிருக்கும். போதாக்குறைக்கு, நடுவில் வந்த ஒவ்வொருவரும் கையில் கிடைத்த நிறத்தில் ஒரு வயரை இழுத்துவிட்டிருப்பார்கள்.

தீ எங்கிருந்து வருகிறது?

12 வோல்ட் தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காதே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் அந்தப் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தோல் உரிந்த பழுப்பு வயர் ஒன்று இரும்பில் உரசினால், வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். பக்கத்தில் பெட்ரோல் குழாய். இருக்கைக்குக் கீழே டேங்க். பின்னால் பெஞ்சில் ஆட்கள்.

தோல் ஏன் உரிகிறது? பழைய வண்டிகளில் வயருக்கு மேல் ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். ரப்பர் காலப்போக்கில் காய்ந்து பொரிந்துபோகும். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் அறைக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரில் வயர் நுழையும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது உதிர்ந்துபோனால் தகட்டின் விளிம்பு கத்தியாகிவிடும். மலைப்பாதையில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலும் ஓர் அறுப்பு. எலிகளின் கைவரிசை தனிக் கணக்கு.

இதற்கெல்லாம் காவல்காரன் யார்? ஃப்யூஸ். ஆனால் பழைய வண்டியில் ஃப்யூஸே விரல் விட்டு எண்ணும் அளவுதான். முன் விளக்கு ஃப்யூஸ் வழியே போவதே இல்லை. இருக்கிற ஃப்யூஸும் எரிந்துபோனால் சிலர் என்ன செய்கிறார்கள்? சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி மாட்டுகிறார்கள்! காவல்காரன் தூங்கினாலாவது எழுப்பலாம். இது காவல்காரன் வேஷத்தில் திருடனையே நிறுத்தி வைப்பது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்துபோகும் அளவு; தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். வேறு வகை ஃப்யூஸில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்று, பொருள் இரண்டு. இது தெரியாமல் மாட்டினால் ஃப்யூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

முழுதாக மாற்று, முறையாக மாற்று

அப்படியானால் வழி என்ன? ஒட்டுப் போடுவதை நிறுத்துவதுதான் முதல் வழி. தோல் பொரிந்த வயர்க்கட்டில் ஓரிடத்தில் டேப் சுற்றினால் அடுத்த சாணில் பொரியும். கட்டு முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது போடுவதே சிக்கனம்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எந்த முனையை முதலில்? பாசிட்டிவா, நெகட்டிவா என்று பார்க்கக் கூடாது. உடம்பில் பூட்டியிருக்கும் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் நழுவி உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது.

பிறகு கத்தரிக்கோலைத் தூக்கக் கூடாது. பேனாவைத் தூக்க வேண்டும். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி எழுதி வைக்க வேண்டும். இன்றைக்குக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். பழைய கட்டை அப்படியே தரையில் விரித்து, அதே நீளத்தில் புதுக்கட்டைப் பின்ன வேண்டும். லூகாஸ் நிற முறையைக் கைவிடக் கூடாது. நாளைக்கு அந்த வண்டியில் கை வைக்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்கு அதுதான் கடிதம்.

வயரின் கனம் அடுத்தது. 0.30 மில்லிமீட்டர் இழை 14 கொண்ட வயர் 8 ஆம்பியர் தாங்கும்; பின் விளக்குக்குப் போதும். 28 இழை 17 ஆம்பியர் தாங்கும். முன் விளக்குக்கு அது வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டு வயரை வாங்கி இழுப்பவர்கள் உண்டு. ஒற்றைக் கம்பி வயர் சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது. குலுங்கும் வண்டியில் அது முறிந்துபோகும்.

எர்த்தை உடம்பை நம்பி விடக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு வயர் போட்டு, இரும்புச் சட்டத்தில் பளபளவென்று சுரண்டிய ஓரிடத்தில் சேர்த்து, போல்ட் முடுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிட வேண்டும். முன் விளக்குக்கு ரிலே ஒன்று வைத்துவிட்டால் 10 ஆம்பியரும் பழைய சுவிட்சின் தலையில் ஏறாது. அதற்கும் ஒரு ஃப்யூஸ் போட்டுவிடலாம். இடது, வலது விளக்குக்குத் தனித்தனி ஃப்யூஸ் போட்டால் இன்னும் நல்லது. ஒன்று போனாலும் மற்றொன்று வளைவைக் காட்டும்.

கடைசியாகச் சோதனை. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளியே வரும். மனிதரும் அப்படித்தான், சுமை ஏறும்போதுதான் குணம் தெரியும்.

யாழ்ப்பாணமும் டார்ஜிலிங்கும்

இது கேமரன்மலைக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. 1990-களில் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணம் தவித்தபோது, பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியவை ஆஸ்டின் ஏ-40 போன்ற கிழட்டுக் கார்கள். கொஞ்சம் பெட்ரோலைக் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப் பாகம் வராத ஊரில் அவற்றைக் காப்பாற்றியது பட்டறைக்காரர்களின் கை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்குப் பழைய சீரிஸ் லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஏறி வந்தன. அதுவும் தேயிலை நாடுதான். பழையதைக் காப்பாற்றிய ஊர்களில் எல்லாம் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பழுதை மறைக்காமல் பார்க்கத் தெரிந்த கை.

எதிரணியினர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடிச்சட்டமே இற்றுப்போன வண்டிக்குப் புது வயர் போடுவது பணத்தைப் பள்ளத்தில் எறிவது. பழையது என்பதற்காகவே ஒன்றைக் கும்பிட வேண்டியதில்லை. அந்த வகை வண்டியின் கடைசி வாரிசான டிஃபென்டரும் 2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் ஆலையில் உற்பத்தி நின்றுபோனது. பிறகு அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு வண்டி. ஆகவே ஓடக்கூடியதைக் காப்பாற்றுங்கள், ஓடக் கூடாததை நிறுத்துங்கள். ஓடவும் விட்டு, பார்க்கவும் மாட்டேன் என்பதுதான் பாவம்.

ஏன் பாவம் என்றால், அந்த வண்டியில் ஓட்டுநர் மட்டும் போவதில்லை. பின் பெஞ்சில் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது தமிழ்க் குடும்பம். இன்று வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ பிழைக்க வந்தவராக இருக்கலாம். 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையின் பாசிக் காட்டைப் பார்க்க வந்த சுற்றுலாக் குடும்பமாக இருக்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் வெள்ளிக் காகிதம் சுற்றிய ஃப்யூஸ் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நம்பி ஏறியவரின் உயிர் அந்த வயரில் தொங்குகிறது.

தோட்டத்தைவிட்டுப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். போகட்டும், படிக்கட்டும், முன்னேறட்டும். ஆனால் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிற பெரியவருக்கு எந்தப் பழுப்பு வயர் எங்கே போகிறது என்று தெரியும். அது எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. விடுமுறைக்கு மலைக்குப் போகிற இளைஞர்களே, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, வண்டியின் வயர்ப் படத்தைத் தமிழிலேயே வரைந்து வாங்குங்கள். எந்தச் சீரிஸ், எந்த எர்த், எந்த நிறம், எத்தனை இழை என்று எழுதி வையுங்கள். புது வண்டி வாங்கக் காசு இல்லாத ஒரு குடும்பத்துக்கு அந்தத் தாள் வெளிச்சம் காட்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவே முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எரிகிறதா? பிரேக்கை மிதித்தால் மங்குகிறதா? ஃப்யூஸ் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளிக் காகிதம் இருந்தால், நாளைக் காலை வண்டி போக வேண்டியது சந்தைக்கு இல்லை, பட்டறைக்கு.